'மச்சான் வூடு' என்றொரு ஃபோல்டர்

யார் யாருக்கு லைக் போட்டார்கள் என்பது இனிமேல் ஊருக்குத் தெரியாது, போட்டவனுக்கும் படத்துக்காரனுக்கும் மட்டுமே தெரியும் என்று, ஊரே படம் போடும் அந்த ஆப்பில் அறிவிப்பு வந்த அன்றைக்கு, செய்யூருக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊரில் பாதி வீடுகளில் அடுப்பு எரியவில்லை. டீக்கடையில் பால் திரிந்து போனது. அம்மன் கோயில் மணி தானாக அடித்தது என்றுகூடச் சொன்னார்கள். அது காற்றாக இருக்கலாம். அந்தப் பக்கத்துக் கடல்காற்று நினைத்தால் ஒரு சவுக்குத் தோப்பையே வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்ப் புதுச்சேரியில் நட்டுவிட்டு வரும்.

ஊர் அப்படிக் கலங்கியதற்குக் காரணம் உண்டு. அங்கே லைக் என்பது பொழுதுபோக்கு அல்ல. கல்யாண வீட்டுக்குப் போய்த் தலையைக் காட்டுவது, சாவு வீட்டுக்குப் போய் மாலை போடுவது, அதற்கு அடுத்தபடியாக லைக் போடுவது. ஒருவன் புது வண்டி வாங்கினாலும், புது வீட்டில் பால் காய்ச்சினாலும், பெண்ணுக்குக் காது குத்தினாலும் படம் போட்டுவிடுவான். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் பெண்கள் கூடி உட்கார்ந்து, லைக் போட்டவர்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். அதில் எந்தப் பெயர் இல்லையோ அந்த வீட்டுக்கு அன்று சாயங்காலமே செய்தி போய்விடும்.

"இனிமே எவன் நம்மாளு, எவன் வெளியாளுன்னு எப்பிடிடீ கண்டுபிடிக்கிறது? போட்டேன்னு வாயால சொல்லிட்டுப் போயிடுவான். பேஜாராப் பூடுச்சே!" என்று பெண்கள் மாரில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

அன்று வயிறு குளிர்ந்த ஒரே ஆள் சவுக்கு வியாபாரி தனகோடி. ஆப்பில் சேர்ந்த நாளிலிருந்து சொந்தக்காரன் ஒருவனுக்குக்கூட அவர் லைக் போட்டதில்லை. போடாததற்கு அவரிடம் நியாயம் இருந்தது. லைக்கின் சின்னம் இதயம்.

"மச்சான் பொண்டாட்டி எனக்குத் தங்கச்சி மொற. அவ பட்டுப்பொடவ கட்டிகினு நிக்கிறா. நான் போயி அதுக்கு இதயம் போடணுமா? நெஞ்சப் பொளந்து காட்டற மாரி? அப்பறம் மச்சான் மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?" என்பார், அந்த ஆப்பை வைத்துக்கொள்ளாத மனைவி சம்பூர்ணத்திடம்.

"அப்ப அந்த பஞ்சாபிக்காரன் வெண்ண கடையறதுக்கு மட்டும் போட்டியே?"

"அவன் நம்ம வூட்டுக்கா பொண்ணு கேட்டு வரப் போறான்? வெளியாளுக்கு எத்தினி வேணா போடலாம்."

சொந்தக்காரர்களுக்கு அவர் வேறொரு மரியாதை வைத்திருந்தார். படத்துக்குக் கீழே ஓரமாகச் சின்னக் கொடி மாதிரி ஒரு குறி. அதைத் தொட்டால் படம் எடுத்து வைக்கப்படும். எந்த ஃபோல்டரில் வைக்க வேண்டும் என்றும் ஆப்பே கேட்கும். தனகோடி ஒழுங்கான மனிதர். லாரியில் ஏற்றும் சவுக்கைக்கூடச் சாரத்துக்கு, பந்தலுக்கு, பேப்பர் மில்லுக்கு, அடுப்புக்கு என்று பிரித்துத்தான் அடுக்குவார். அதே கையால் 'பெரியம்மா வூடு', 'மச்சான் வூடு', 'அக்கா வூடு', 'செத்துப்போனவங்க' என்று ஃபோல்டர்கள் போட்டு, வந்த படத்தையெல்லாம் அததில் சேர்த்தார். செய்யூர் தாலுகா ஆபீசில்கூட அத்தனை ஒழுங்காகக் கோப்புகள் இருந்திருக்காது. தான் எடுத்து வைத்த செய்தி உடனே அந்தச் சொந்தக்காரனுக்குப் போய்விடும் என்றும், அவன் மனம் குளிர்ந்து போவான் என்றும் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. லைக் என்பது வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவது. இது வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்வது. இரண்டில் எது உசத்தி என்று குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

மச்சான் மணியைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பான்.

மணி சம்பூர்ணத்தின் ஒரே தம்பி. சித்தாமூர்ப் பக்கம் நிலம். லைக்கெல்லாம் இன்னும் வெளியே தெரிந்துகொண்டிருந்த காலத்தில் அவன் நெல் அறுக்கும் மெஷின் ஒன்று வாங்கினான். அதற்கு மாலை போட்டு, பக்கத்தில் மனைவி சியாமளாவை நிறுத்திப் படம் போட்டான். தாலுகாவே திரண்டு வந்து லைக் போட்டது. செத்துப்போனவர்களின் கணக்கிலிருந்துகூட லைக் விழுந்தது என்று பேச்சு. தனகோடி பெயர் மட்டும் இல்லை. அவர் அதை முதல் ஆளாக எடுத்து வைத்திருந்தார்.

ஒரு சாவு வீட்டில் பத்துப் பேர் நடுவில் மணி ஆரம்பித்தான். "மாமா பெரிய ஆளாயிட்டாரு. ஒரு லைக்குப் போடக்கூட கை வர மாட்டேன்து."

"தெரிய வேண்டியவனுக்குத் தெரியும்," என்றார் தனகோடி, கம்பீரமாக.

"இன்னா தெரியும்? என் மெஷினு வந்தது உனுக்கு வயிறு எரியுதுன்னு தெரியும்."

"ஆமாண்டா. உன் தகர டப்பாவப் பாத்து எனுக்கு எரியுது."

அவ்வளவுதான். பாடையைத் தூக்க வந்தவர்கள் பாடையை விட்டுவிட்டு இவர்களைத் தூக்க வேண்டியதாயிற்று. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

அடுத்த வருஷம், லைக்கெல்லாம் மறைந்துவிட்ட பிறகு, மணியின் மகள் ஸ்வாதி பெரியவளானாள். மஞ்சள் நீராட்டு விழா முடிந்த பிறகு, செய்யூர்ச் சந்தையில் வாழையிலை விற்கிறவள் சொல்லித்தான் சம்பூர்ணத்துக்கே தெரிந்தது. அவர்கள் குடும்பத்தில் முதல் தண்ணீரை அத்தை ஊற்ற வேண்டும். அத்தை ஒருத்தி உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தி கை அந்தச் சொம்பைத் தொடாது. சம்பூர்ணம் சந்தையிலேயே கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். "கூப்புடலியே. அக்கான்னு ஒருத்தி கீறாளேன்னு ஒரு வார்த்த கூப்புடலியே. அந்தத் தண்ணிய இனிமே நான் எந்த ஜென்மத்துல ஊத்துவேன்?" அப்புறம் எட்டு நாள் அந்த வீட்டுக் குழம்பில் உப்பு கூடவே இருந்தது. கண்ணீர்தான் காரணம் என்று தனகோடி நம்பினார். அதற்குப் பிறகு மணியின் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை.

இப்போது தனகோடியின் ஒரே மகள் தமிழ்ச்செல்விக்கு நிச்சயதார்த்தம். அவள் நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளை இனியனும் அதே ஆபீஸ். அவன் அப்பா பக்தவத்சலம் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலையில் இருக்கிறவர், அம்மா பிரபாவதி. நல்ல மனிதர்கள். ஒவ்வொன்றையும் முறைப்படி செய்ய வேண்டும் என்கிறவர்கள். பெண்ணை அழைத்து வந்து மணையில் உட்கார வைத்து மாலை போடுவது தாய்மாமன் என்பது இரண்டு பக்கத்திலும் முறை. "பொண்ணுக்குத் தாய்மாமன் யாருங்க? நம்பர் குடுத்தீங்கன்னா நாங்களும் முறையா ஒரு வார்த்தை கூப்பிட்டுடுவோம்," என்று பிரபாவதி போனில் கேட்டபோது, சம்பூர்ணம் யோசிக்காமல், "அவன் துபாய்ல கீறான்மா," என்று சொல்லிவிட்டாள். அந்த நேரத்தில் மணி பத்து மைலுக்கு அந்தப் பக்கம் நவரை நெல் அறுத்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே தமிழ்ச்செல்வி போனில் கத்தினாள். "யம்மா, உன்ன யாரு துபாய்னு சொல்லச் சொன்னது? அவங்க ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்பறேன்றாங்க!"

"அனுப்பட்டும். காலியா வரும்."

"மாமா இல்லாம யார்மா எனக்கு மாலை போடுவாங்க? எனக்கு மாமா வேணும்மா. சின்ன வயசுல தோள் மேலயே தூக்கினு திரிஞ்சாருல்ல?"

"அவன் மவளுக்கு அத்த வேணாம்னு சொன்னவன் அவன். நான் போயி அவன் வாசப்படி மிதிக்க மாட்டேன். உன் நைனாவும் மிதிக்கக் கூடாது. மிதிச்சா நிச்சயத்துக்கு நான் வர மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். வருகிற வியாழக்கிழமை நிச்சயம். தாய்மாமன் வராவிட்டால் பெண் யார் கையும் பிடிக்காமல் தானே நடந்து வந்து மணையில் உட்கார வேண்டும். வந்த கூட்டம் முழுக்க அதைத்தான் பார்க்கும்.

மகள் போனை வைக்கும் முன்னால் அப்பாவுக்கு ஒரு வேலை கொடுத்தாள். மண்டபத்தில் பெரிய திரை வைத்துப் பெண்ணுடைய சின்ன வயசுப் படங்களை ஓட்டப் போகிறார்கள். "நீதான் எல்லாத்தயும் எடுத்து எடுத்து வெச்சிருக்கியேப்பா. மாமா பழைய போட்டோ நெறைய போட்டிருப்பாரு. தேடி அனுப்பு."

அடுத்த நாள் தோப்பில் வேலை. கடலோரச் சவுக்கு. கோடாலிச் சத்தமும் காற்றுச் சத்தமும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. ஆண்கள் வெட்டிச் சாய்க்க, பெண்கள் அரிவாளால் கிளை கழித்துப் பட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். உரித்த பட்டையின் துவர்ப்பு வாடை மூக்கிலேயே நின்றது. வெயில் என்றால் சாதாரண வெயில் இல்லை. லாரியின் பானெட்டில் தோசை வார்க்கலாம், மாவுதான் கொண்டுவரவில்லை. பதினோரு மணிக்கு எல்லாரும் கோடாலியைப் போட்டுவிட்டுக் கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் பச்சை மாங்காயுமாக உட்கார்ந்தார்கள்.

தனகோடி ஒரு சவுக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து போனை எடுத்தார். அவருடைய லாரி டிரைவர் ஸ்டான்லி, கூழ்ச் சொம்போடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சதுரங்கப்பட்டினத்து ஆள். கடலுக்குப் போன குடும்பம். கடல் பிடிக்காமல் லாரிக்கு வந்தவன்.

"இன்னா அண்ணாத்த, நாஸ்தா துன்னாம போன நோண்டிகினு கீற?"

"பாப்பா சின்ன வயசு போட்டோ தேடறேன். மச்சான் வூட்டுல கீது."

"மச்சான் வூட்டுக்குத்தான் உனுக்குப் போக்குவரத்தே இல்லியே?"

"இது போன்ல கீற மச்சான் வூடு."

ஸ்டான்லி எட்டிப் பார்த்தான். விரலால் தள்ளத் தள்ளப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. மெஷின், மாடு, மணி, மணியின் மாடு, மாட்டின் கன்று. "யப்பா! மணியண்ணன் தும்மினதக்கூட எடுத்து வெச்சிகீறியே. இவ்ளோ பாசம் வெச்சிகினு ஏன் அண்ணாத்த ஒரு லைக்குப் போடாம அந்தாள சாவடிச்ச?"

"லைக்கு எதுக்குடா? எடுத்து வெச்ச ஒடனே அவனுக்குச் சேதி போயிடுதே."

ஸ்டான்லியின் கையிலிருந்த கருவாடு வாய்க்குப் போகாமல் நின்றது. "யாரு சொன்னா?"

"சொல்லணுமா? ஒர்த்தன் பொருள எடுத்தா அவனுக்குத் தெரியாதா?"

"அண்ணாத்த, எடுத்து வெச்சா எந்தச் சேதியும் போவாது. அது உனக்கும் உன் போனுக்கும் நடுவுல. சாமிக்கே தெரியாது."

தனகோடி நம்பவில்லை. ஸ்டான்லி போட்டிருந்த ஒரு வஞ்சிரமீன் படத்தைத் தேடிப் பிடித்து, ஸ்டான்லியின் போனைக் கட்டின் மேல் எதிரே வைத்து, கொடியைத் தொட்டார். போன் சும்மா கிடந்தது. எடுத்ததைத் திருப்பி விட்டு இன்னொரு தரம் தொட்டார். காதை அதன் மேல் வைத்துக் கேட்டார். "டவர் இல்லியோ?" என்றார். டவர் இருந்தது. கடைசியாக ஸ்டான்லியே அவர் விரலைப் பிடித்து இதயத்தின் மேல் அழுத்தினான். போன் 'டிங்' என்று துள்ளியது.

"பாத்தியா? இப்ப எனக்குத் தெரிஞ்சி போச்சி. எனக்கு மட்டும்."

தனகோடி இதயத்தையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குள் எத்தனை வீடுகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சரிந்தன என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். பெரியம்மா வீடு, அக்கா வீடு, எல்லா வீட்டிலும் இத்தனை வருஷமாக அவர் உள்ளே உட்கார்ந்து விருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறார். அவர்கள் வாசலில் அவர் நிழல்கூட விழுந்ததில்லை.

கூழை மறந்துவிட்டு அவர் 'மச்சான் வூட்டை' மேலிருந்து பார்க்க ஆரம்பித்தார். பார்க்கப் பார்க்கத்தான் இன்னொன்று உறைத்தது. இவற்றில் எதையும் அவர் எடுத்து வைத்த பிறகு திறந்ததில்லை. லோடு ஏறும் இடைவெளியில், டீசல் போடும் இடைவெளியில், தெரிந்த முகம் வந்தால் கொடியைத் தொடுவார், அடுத்ததற்குப் போவார். வைத்தாயிற்று, பத்திரம், அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். அந்த அப்புறம் வரவே இல்லை.

பாதி வந்ததும் விரல் நின்றது. ரோஜாப்பூக் கரை போட்ட ஒரு படம். நடுவில் ஸ்வாதி, பட்டுப் பாவாடையில். மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ். தேதி, மண்டபம், எல்லாம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, முன்னிலை வகிப்பவர்கள் என்ற இடத்தில், கொட்டை எழுத்தில்: அத்தை சம்பூர்ணம், மாமா தனகோடி. கீழே மணி தன் கையால் எழுதியிருந்தான்: 'அக்காவும் மாமாவும் வந்தால்தான் புள்ளைக்குத் தண்ணி ஊத்துவோம்.'

தனகோடி அதை மறுபடி படித்தார். அவர் அதை எடுத்து வைத்திருந்தார். ஃபோல்டர்கூடச் சரியான ஃபோல்டர்.

ஸ்டான்லி கயிறு கட்டப் போய்விட்டான். காற்று மணலை அள்ளி அள்ளிக் கட்டுகளின் மேல் போட்டது. தனகோடியின் கட்டைவிரல் கொடியின் மேல் போய் நின்றது. ஒரு தரம் தொட்டால் போதும். அழைப்பு அந்த ஃபோல்டரிலிருந்து போய்விடும். அது அங்கே இருந்தது என்று மணிக்குத் தெரியாது, சம்பூர்ணத்துக்குத் தெரியாது, ஸ்டான்லிகூட அதைப் பார்க்கவில்லை. இதற்கென்று ஒரு சாட்சி உலகத்தில் இல்லை. கூப்பிடாத தம்பி என்று அவள் அழுதுகொண்டிருக்கட்டும், பார்க்காத புருஷன் என்று தெரிந்து அழுவதைவிட அது அவளுக்கும் நல்லதுதானே என்று ஒரு நியாயம்கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. நல்ல நியாயம். அதற்கு ஒரு சொம்பு கூழ் கொடுத்து அனுப்பலாம்.

அவர் விரலை எடுத்துக்கொண்டார். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சொல்லும் தைரியமும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கிறுக்குத்தனம் வந்தது. லாரி கேபினில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, 'மச்சான் வூட்டில்' இருந்த ஒவ்வொரு படத்துக்கும் இதயம் போட ஆரம்பித்தார். மெஷினுக்கு ஒன்று. மாட்டுக்கு ஒன்று. கன்றுக்கு ஒன்று. சியாமளா பட்டுப்புடவையில் நிற்கும் படம் வந்தபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "தங்கச்சி, மன்னிச்சிக்கோ," என்று சொல்லிப் போட்டார். அழைப்பிதழை மட்டும் ஒரு தரம் தாண்டிப் போய், திரும்பி வந்து போட்டார். லாரி கிளம்பி, குலுங்கிக் குலுங்கி ஊர் எல்லைக்கு வரும்வரை போட்டுக்கொண்டே வந்தார். நாலு வருஷத்துக் கடனை ஒரே மத்தியானத்தில் தீர்க்கிற வேகம்.

அங்கே மணியின் போன் சட்டைப்பையில் துள்ளித் துள்ளிப் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே விழுந்தது என்பார்கள். கிழிந்தது உண்மை. ஏற்கெனவே கிழிந்திருந்தது என்பதும் உண்மை.

தனகோடி வீட்டு மாடியில் சம்பூர்ணம் வேர்க்கடலை காயப்போட்டுக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. பெயரைப் பார்த்தாள். அடித்து ஓயட்டும் என்று விட்டாள். மறுபடி அடித்தது. மூன்றாவது தரம் எடுத்தாள்.

"அக்கா. நான் மணி."

அவள் காலால் கடலையைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, மாமாவுக்கு இன்னா ஆச்சி? மறைக்காம சொல்லு."

"இன்னா ஆவணும் அவருக்கு?"

"போன்ல லைக்கா கொட்டுதுக்கா! நான் மாடு வாங்கினது, மாடு ஈன்னது, ஒன்னு வுடல. நாலு வருசமா ஒன்னு போடாதவரு. சாவப் போறவன்தான் இப்பிடி எல்லாத்தயும் ஒரே நாள்ல தீத்துட்டுப் போவான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில சேத்துகீறியா? இன்னா வார்டு?"

சம்பூர்ணம் மாடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். தெருவில் லாரி வந்து நின்றது. "லாரிய வுட்டு எறங்கினு கீறாரு. கல்லாட்டம் கீறாரு. நீ ஒன்னும் ஒப்பாரி வெக்க வேணாம். அக்காவ இப்பதான் ஞாபகம் வந்துச்சாக்கும்? புள்ளைக்குத் தண்ணி ஊத்தறப்ப வரல?"

"இன்னாக்கா சொல்ற? மறந்தேனா? பேரு போட்டுக் கூப்ட்டேனே!"

"எங்கடா கூப்ட்ட?"

"ஆப்ல போட்டேன்கா. பேச்சு இல்ல, போன்ல கூப்ட ஒரு மாரியா இருந்துச்சி. உன் பேரத்தான் மொதல்ல போட்டேன். மாமா பாத்தாரான்னு தெனம் லைக்கு போட்டவங்க பேர எடுத்து எடுத்துப் பாத்தேன். எனக்கு மட்டும்தானே தெரியும் அது? வருதா வருதான்னு பாத்தேன். ஊரே பாத்துச்சி, நீங்கதான் வேணாம்னு வுட்டுட்டீங்கன்னு நெனச்சி எவனும் உங்கிட்ட கேக்கல. அன்னிக்கி மத்தியானம் வரைக்கும் புள்ளைய மணையில ஒக்கார வெச்சிட்டு ரோட்டயே பாத்துகினு நின்னேன்கா."

சம்பூர்ணம் போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பினாள். தனகோடி மாடிப்படியின் கடைசிப் படியில் வந்து நின்றிருந்தார். தலையெல்லாம் சவுக்குச் சருகு.

"இவன் கூப்ட்டானாம். ஆப்ல. உங்கிட்ட வந்துச்சா?"

வரவில்லை என்று அவர் சொல்லலாம். சொன்னால் அவள் நம்புவாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எல்லாவற்றையும் நம்பியவள்.

"வந்துச்சி," என்றார் தனகோடி. "எங்கிட்டதான் கீது. எடுத்து வெச்சேன். படிக்கல."

காற்று கடலையை மாடி ஓரத்துக்கு உருட்டிக்கொண்டு போனது. இரண்டு பேரும் அதைத் தடுக்கவில்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். படுதாவின் நாலு மூலையையும் சேர்த்துக் கடலையை முடிச்சாகக் கட்டினாள். முகம் கழுவி வேறு புடவை கட்டிக்கொண்டு வந்து லாரிக் கதவைப் பிடித்து ஏறினாள்.

"எடு வண்டிய."

"லோடு கீதே..."

"லோடோட எடு."

சவுக்கு முழுக்க ஏற்றிய லாரி சித்தாமூர் ரோட்டில் போனது. ஸ்டான்லி ஓட்டினான். வாயைத் திறக்கக் கூடாது என்று அவனுக்கே தெரிந்தது. அவன் வாய் திறக்காமல் ஓட்டிய ஒரே பயணம் அதுதான். பாதி தூரம் போனதும் சம்பூர்ணம் பேசினாள்.

"எல்லாத்தயும் எடுத்து எடுத்து வெச்சியே. ஒரு நாளாச்சும் தொறந்து பாத்தியாய்யா?"

"இல்ல."

"பீரோவுல கீற பொடவையக்கூட மாசத்துக்கு ஒரு தரம் எடுத்து வெயில்ல காட்டறேன். தெரிமா?"

"தெரியும்."

"அந்தப் புள்ள மணையில ஒக்காந்துகினு கீது. ஈர மஞ்சளோட. அத்த வருவா அத்த வருவான்னு." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தனகோடி தன் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மணி வயல் வரப்பில் நின்றிருந்தான். மெஷின் நடு வயலில் தூசியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. லாரியைப் பார்த்ததும் கையைக் காட்டி அதை நிறுத்தினான். வேப்பமரத்தடியில் ஆட்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்த சியாமளா சொம்பைக் கீழே வைத்தாள். பக்கத்தில் நின்ற உயரமான பெண் ஸ்வாதி என்று கண்டுபிடிக்கச் சம்பூர்ணத்துக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவ்வளவு வளர்ந்திருந்தாள்.

"வா அண்ணி," என்றாள் சியாமளா.

"நான் துபாய்ல கீறேன்னு சம்பந்தி வூட்டுல சொல்லிகீறியாமே?" என்றான் மணி. அவனுக்கு அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள். "துபாய்ல நெல்லு அறுக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

தனகோடி வரப்பில் இறங்கி அவன் எதிரே போய் நின்றார். "மச்சான், தப்பு என்னுது. உங்க அக்காவுக்குத் தெரியாது. எடுத்து வெச்சா உனுக்குச் சேதி வரும்னு நெனச்சிகினு இருந்தேன். வெச்சேன், படிக்கல. பாப்பாவுக்கு மாலை போட நீ வரணும். வர மாட்டேன்னு சொன்னாலும் ஞாயம்தான்."

"படிக்காமயே வெச்சியா?"

"ஆமா."

"பூவுக் கரைய மட்டும் பாத்த?"

"புள்ள மூஞ்சப் பாத்தேன். நம்ம புள்ளன்னு வெச்சேன்."

மணி வயலைப் பார்த்தான். "இப்ப கீதா அது?"

"கீது."

"எடு. எடுத்துப் படி. இங்கியே படி. முழுசாப் படி. அப்பறம் சொல்றேன் வரேனா வரலியான்னு."

அறுப்புக்கு வந்த ஆட்கள் மோர்ச் சொம்போடு நெருங்கி வந்தார்கள். தனகோடி கண்ணாடியைத் தேடினார், இல்லை. போனைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் தப்பு செய்த பையன் எழுந்து நின்று படிப்பதுபோல் ஆரம்பித்தார். தேதி, கிழமை, நல்ல நேரம், மண்டபம், பஸ் எங்கே நிற்கும் என்பது, விருந்து எத்தனை மணிக்கு.

"சத்தமா மாமா. பின்னாடி கேக்கல," என்றான் மணி.

சத்தமாகப் படித்தார். மணியின் பெயர், சியாமளாவின் பெயர், இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகளின் பெயர்கள், இறந்துபோனவர்களுக்கு முன்னால் போட்ட அடைமொழிகள், எதையும் விடவில்லை. படித்து முடித்து நிமிர்ந்தார்.

"மேல விட்டுட்டீங்க மாமா," என்றாள் ஸ்வாதி மெதுவாக. "பேரு. அப்பறம் கீழ எங்க நைனா எழுதினது."

விட்டது தெரிந்தேதான். அது தன் வாயால் வராது என்று அவர் நினைத்திருந்தார். போனை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "முன்னிலை," என்றார். "அத்தை சம்பூர்ணம். மாமா தனகோடி." கீழே வந்தார். "அக்காவும் மாமாவும் வந்தால்தான் புள்ளைக்கு..." அங்கே நின்றுவிட்டார். நின்றவர் மறுபடி முதலிலிருந்து அந்த வரியை எடுத்து, இந்தத் தரம் முடித்தார்.

மணி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் துண்டுக்குள்ளிருந்தே, "ஏ சியாமளா, மாமன் சீரு எத்தினி தட்டு வெக்கணும்னு அக்காவக் கேளு," என்றான்.

சியாமளா, "அண்ணி, தட்டு..." என்று ஆரம்பித்தாள்.

சம்பூர்ணம் அதைக் காதில் வாங்கவில்லை. ஸ்வாதியை இழுத்துத் தன்னோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அவள் கண் புருஷன் கையிலிருந்த போன் மேலேயே இருந்தது.

"நிறுத்தாத," என்றாள். "எங்க பேரு வர்ற எடம், இன்னோரு தரம் படி."

தனகோடி படித்தார்.